மணாலி–லே சைக்கிள் பயணம்: பின்சக்கரத்தில் தொடங்கும் தவறுகள்

ஜூலை பிறந்தால் மணாலியிலிருந்து லடாக்கின் லே நோக்கிப் புதுப்புது சைக்கிள்கள் கிளம்பிவிடும். ஹெல்மெட், பஞ்சர் சாமான், மழைக்கோட்டு எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்து வைத்திருப்பார்கள். அதையெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. தெரிந்தவர்களும் வருஷா வருஷம் மாட்டிக்கொள்ளும் விஷயங்கள் மட்டும்.

பாரம் முழுக்கப் பின்னால்

கேரியரின் இரு பக்கமும் பை, மேலே கூடாரம், அதற்கும் மேலே ஸ்லீப்பிங் பேக், உச்சியில் காயப்போட்ட துண்டு. முன்சக்கரத்தின் மேல் ஒன்றுமே இருக்காது. வழியிலுள்ள தார்ச்சா ஊரைக் கடக்கும் சைக்கிள்களைப் பார்த்தால் பலதும் இந்தக் கோலம்தான்.

ஓட்டுபவரின் எடையில் பெரும்பகுதி ஏற்கெனவே பின்சக்கரத்தில்தான் விழுகிறது. அதில் இன்னொரு 20 கிலோவை ஏற்றினால் முதலில் போவது ஸ்போக்ஸ் கம்பி. பாரம் தாங்காமல் ஒரே இழுப்பில் அது அறுவதில்லை. சக்கரம் சுற்றும்போது தரையை நோக்கி வரும் கம்பி கொஞ்சம் தளர்கிறது, மேலே போனதும் திரும்ப இறுகுகிறது. லட்சக்கணக்கான சுற்றில் இப்படியே களைத்து, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் நுழையும் வளைவில் முறிகிறது. முறுக்கு ஒரே சீராக இல்லாத கடைச் சக்கரத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

முறிவது பெரும்பாலும் வலப்பக்கக் கம்பி, அதாவது காசெட் எனும் பின் பல்சக்கர அடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருப்பது. காசெட்டைக் கழற்றாமல் புதுக் கம்பியைக் கோக்க முடியாது. எரிச்சலூட்டுவது இந்த இடம்தான்: பையில் உபரிக் கம்பி பத்து இருக்கும், காசெட் கழற்றும் சாவி இருக்காது. தார்ச்சாவுக்கும் லேக்கு முன்னால் வரும் உப்ஷிக்கும் நடுவே சைக்கிள் கடை கிடையாது. லாரியைக் கைகாட்டி நிறுத்தி, சைக்கிளை மேலே ஏற்றி லே போய்ச் சேர வேண்டியதுதான். ஒரு சாவி இல்லாததால் பாதிப் பயணம் போச்சு.

கிளம்புமுன் செய்ய வேண்டியது: 36 கம்பிச் சக்கரமாகப் பார்த்து, நல்ல மிஸ்திரியிடம் கோட்டம் (ரிம்மின் கோணல்) எடுத்து, எல்லாக் கம்பியையும் சீராக முறுக்கச் சொல்லுங்கள். முழுப் பாரத்தோடு 200 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி கோட்டம் பாருங்கள். பின்சக்கரத்தில் வலப்பக்கக் கம்பி இடப்பக்கத்தைவிட 1–2 மி.மீ. குட்டையாக இருப்பது வழக்கம். இரண்டையும் அளந்து வலம் மூன்று, இடம் இரண்டு, நிப்பிளோடு (கம்பியை ரிம்மில் இறுக்கும் திருகு) வாங்கிச் சைக்கிள் சட்டத்தில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். சட்டத்தில் முட்டுக்கொடுத்துக் காசெட்டைக் கழற்றும் சின்னச் சாவி கிடைக்கிறது. அது கிடைக்காவிட்டால், காசெட்டைக் கழற்றாமலே கோத்துக் கட்டும் கெவ்லார் நூல் கம்பி ஒன்றாவது வேண்டும்.

வழியில் அறுந்தால், தொங்கும் கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றுங்கள். வலக் கம்பி போனால் ரிம் இடப்பக்கம் இழுபடும். அறுந்த இடத்துக்கு இரு பக்கமும் உள்ள இடக் கம்பிகளை அரைச் சுற்றுத் தளர்த்தினால் ஓட்டும் நிலைக்கு வரும். ரிம் பிரேக் என்றால் அதையும் தளர்த்துங்கள்.

சாமான் 20 கிலோ என்றால் பாதியாவது முன்னால் போகட்டும், அச்சை ஒட்டித் தாழ்வாக. சஸ்பென்ஷன் ஃபோர்க் (அதிர்வு தாங்கும் முன் கவை) வைத்தவர்களுக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. அவர்கள் சாமானைக் குறைப்பதுதான் வழி. பரத்பூர், சர்ச்சு, பாங் கூடாரக் கடைகளில் சீசனில் படுக்கையும் பருப்புச் சோறும் கிடைக்கும். கூடாரம் தேவைப்படக்கூடியது சர்ச்சு–பாங் நடுவே: ஏறத்தாழ 80 கி.மீ., இரண்டு கணவாய்.

மதியத்துக்குமேல் ஓடையில் இறங்குவது

ஜிங்ஜிங்பாருக்கு மேலேயும் பரத்பூர் பக்கமும் சாலையைக் குறுக்கே வெட்டி ஓடுவது பனி உருகிய தண்ணீர். விடியற்காலையில் கணுக்கால் அளவு இருந்தது வெயில் ஏறியபின் முழங்காலைத் தொடும். காலை ஒன்பதுக்குள் கடந்துவிடுங்கள். ஓட்ட வேண்டாம், இறங்கித் தள்ளுங்கள், செருப்போ ஷூவோ காலில் இருக்கட்டும். தண்ணீர் வரும் பக்கம் நீங்கள், போகும் பக்கம் சைக்கிள். மாற்றி நின்றால் சைக்கிளே உங்களைத் தள்ளிவிடும். அச்சுக்கு மேல் தண்ணீர் என்றால் பைகளைக் கழற்றித் தனியாகச் சுமந்துவிட்டு வாருங்கள். முன்பை தாழ்வாகத் தொங்குவதால் ஸ்லீப்பிங் பேக்கைப் பின்னால் வையுங்கள். கரையேறியதும் செயினுக்கு எண்ணெய்.

உயரம்

3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்குமேல் ஏற்றக்கூடாது என்பது பொது விதி. ஜிஸ்பா சுமார் 3,200, சர்ச்சு சுமார் 4,300. ஒரே மூச்சில் போகிறவர்கள்தான் ராத்திரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். ஜிஸ்பாவில் இரண்டு இரவு, பட்சியோவில் ஒன்று. தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் கீழே இறங்குங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கியர்

ஏற்றத்துக்கு முன்னால் சின்னப் பல்சக்கரம் 22 பல், பின்னால் பெரியது 34. இதில் கௌரவம் பார்க்காதீர்கள்.

கட்டா லூப்ஸ் குறுக்கு வழி

சர்ச்சுவைத் தாண்டி வரும் இந்த ஏற்றத்தின் 21 வளைவையும் சுற்றித்தான் போக வேண்டும். ஒற்றையடிப் பாதை நடப்பவர்களுக்கு.

அடுப்புக்கான கேஸ் குப்பி

விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

பிரேக்

தங்லாங் லா கணவாயிலிருந்து ரும்ட்சே கிராமம் வரை ஒரே இறக்கம். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் கொதிக்கும், ட்யூபும் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை உச்சியில் நிற்கும்போதே பார்த்துவிடுங்கள். டிஸ்க் வைத்திருப்பவர்கள் தங்கள் மாடலுக்கான பேட் ஒரு ஜோடியை வீட்டிலிருந்தே கொண்டுபோகட்டும். லேயில் கேட்டது கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.