கிரேக்கக் கடலும் தங்க வானமும்: பைசாந்திய முறையில் ஒரு சின்னப் பலகை ஓவியம்

கடல் வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் நீலத்தைத்தான் தொடுவார்கள். பைசாந்திய மரபில், அதாவது பழைய கிழக்கு ரோமப் பேரரசின் கிறித்தவ ஓவிய மரபில், பழகிய ஓவியர் தொடுவது கறுப்புக்குப் பக்கத்து நிறம் ஒன்றை. இருட்டான அடித்தளத்தைப் போட்டு, அதன்மேல் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவதுதான் அங்கே வழி. இந்த ஒரு வரிசையை மாற்றிவிட்டால், எவ்வளவு தங்கம் ஒட்டினாலும் படம் பைசாந்தியப் படமாகாது.

இதை இருபதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஃபோட்டிஸ் கோண்டோக்லு. 1895இல் ஆசியா மைனரின் அய்வாலியில் பிறந்தவர்; 1922இல் அகதியாகக் கிரேக்கத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஆத்தோஸ் மலைக்குப் போய் மடாலயங்களில் இருந்த ஐக்கான் (பலகையில் வரையும் கிறித்தவப் புனிதப் படம்) ஓவியங்களைப் பார்த்துப் பிரதி எடுத்தார். மறுபுறம் ஸ்பிரோஸ் வஸ்ஸிலியூ (1903–1985). கொரிந்து வளைகுடாவின் கரையில் உள்ள கலாக்ஸிடி என்ற கப்பல்காரர்களின் ஊர் அவருடையது. ஏதென்ஸில் உள்ள புனித தியோனிசியோஸ் அரியோபாகிடிஸ் தேவாலயத்துக்கான ஓவிய வரைவுகளுக்காக 1930இல் பெனாகி பரிசு பெற்றவர். பிற்காலப் படங்களில், ஐக்கானில் புனிதர்கள் தங்கத்தில் மிதப்பது போலவே, படகுகளையும் வீட்டுச் சாமான்களையும் தங்க நிறத்திலோ கடல் நீலத்திலோ பரந்த வெளியில் மிதக்கவிட்டார். நாம் செய்யப்போவது அவர் படத்தின் நகல் இல்லை. அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு, கோண்டோக்லு மீட்டெடுத்த பழைய முறையில் ஒரு சிறிய பலகை செய்வோம்: மேலே தங்கம், கீழே கடல், ஒரு பாறைத் தீவு, ஒரு படகு.

வேலை நேரம் மொத்தம் பத்துப் பன்னிரண்டு மணிதான். ஆனால் காயவிடும் இடைவெளிகளைச் சேர்த்தால் இரண்டு வாரம் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

தேவையானவை

12 மி.மீ. பிர்ச் பிளைவுட், 18 × 24 செ.மீ. பழைய, மெல்லிய பருத்தித் துணி. முயல்தோல் பசை 20 கிராம். கிடைக்காவிட்டால் தச்சர்கள் பயன்படுத்தும் சுத்தமான வஜ்ஜிரம். சலித்த சீமைச்சுண்ணாம்புப் பொடி அரை கிலோ. உப்புத்தாள் 220, 400, 600. மாற்றுத்தாளில் ஒட்டி வரும் 23 காரட் தங்க ரேக்கு, 8 செ.மீ. சதுரம், எட்டு ஏடு. ரேக்கை ஒட்டும் மிக்ஷன் பசை (மூன்று மணி நேரத்தில் பதமாகும் வகை) சிறு புட்டி. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. நிறப்பொடியைப் பிடிக்கவைக்கும் பசையாக முட்டையின் மஞ்சள் கரு.

நிறப்பொடிகள் ஏழு போதும்: அல்ட்ராமரைன் நீலம், பச்சை மண், மஞ்சள் காவி, செங்காவி, அம்பர் என்ற பழுப்பு மண், எலும்புக் கறுப்பு, டைட்டானியம் வெள்ளை. பழைய ஓவியர்கள் ஈய வெள்ளையும் சிந்தூரமும் பயன்படுத்தினார்கள். இரண்டுமே நஞ்சு, தொடக்கநிலையில் தொடவே வேண்டாம். மற்ற பொடிகளைக் குழைக்கும்போதும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

1. பலகையும் பசையும்

பலகையின் முகப்பைக் கத்தி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். பசை பிடிக்க இடம் வேண்டும். விளிம்புகளை உப்புத்தாளால் லேசாக உருட்டுங்கள்.

20 கிராம் பசையை 250 மி.லி. தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் ஊதிப் பெருத்திருக்கும். அந்தப் பாத்திரத்தை வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். 60 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, கொதிக்கவே கூடாது. கொதித்த பசை பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் பிடிப்பு போய்விடும். ஒரு மாதம் கழித்துச் சுண்ணப்பூச்சு தோல் தோலாக உரியும்போதுதான் தெரியவரும். ஒரு கரண்டிப் பசையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். இளகிய ஜெல்லி போல உறைந்து, விரலால் பிளந்தால் ஓரம் சொரசொரப்பாக உடைய வேண்டும். அதுதான் சரியான பதம்.

சூடான பசையைப் பலகையின் இரு பக்கமும் ஒரு பூச்சு பூசிக் காயவிடுங்கள். முன்பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும். பிறகு துணியைப் பசையில் நனைத்து முகப்பில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரல்களால் தடவிக் காற்றை வெளியேற்றுங்கள். இதற்கெல்லாம் 100 மி.லி. போதும். மீதி 150 மி.லி.யை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பலகை ஒரு நாள் காயட்டும்.

2. சுண்ணப்பூச்சு

படத்தின் தலைவிதி இங்கேதான் தீர்மானமாகிறது. கடையில் கிடைக்கும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசிவிடலாமே என்று தோன்றும். அது போதிய அளவு ஈரத்தை உறிஞ்சாது. முட்டை வண்ணம் அதன்மேல் பிடிக்காமல், பின்னால் சுரண்டினால் வந்துவிடும்.

மீதிப் பசையை மறுபடி கரைத்து 25 மி.லி. தண்ணீர் சேருங்கள். சீமைச்சுண்ணாம்பைச் சல்லடையால் பசையின் மேல் தூவிக்கொண்டே வாருங்கள். கலக்க வேண்டாம். பொடி தானாக மூழ்கும். அளவில் பசையைப் போல ஒன்றரை மடங்கு போனதும், பொடி மேடு பசையின் மேற்பரப்பைத் தொடும். அங்கே நிறுத்தி இருபது நிமிடம் விடுங்கள். பிறகு அடியிலிருந்து மெதுவாகக் கிளறுங்கள். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழி ஏறி, பூச்சில் ஊசிமுனைத் துளைகள் விழும். துளை விழுந்துவிட்டால், பூச்சு ஈரமாக இருக்கும்போதே ஈர விரலால் வட்டமாகத் தேய்த்து அடைத்துவிடலாம்.

கலவை 40 டிகிரி அளவில், கைக்கு வெதுவெதுப்பாக இருக்கட்டும். முதல் பூச்சை விரலால் துணியின் இழைக்குள் அழுத்தித் தேயுங்கள். அதன்பின் அகலத் தூரிகையால் ஏழு பூச்சு, ஒன்று குறுக்காக, அடுத்தது நெடுக்காக. முந்தைய பூச்சின் பளபளப்பு மறைந்ததும் அடுத்தது. முழுக்கக் காயும்வரை காத்திருக்கக் கூடாது. எட்டையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும்.

வெடிப்பு விழுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. பசை அளவுக்கு மீறிக் கெட்டியாக இருப்பது, ஒரு பூச்சைத் தடிமனாகப் போட்டுவிடுவது, மின்விசிறிக்குக் கீழோ வெயிலிலோ காயவைப்பது. மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது. நிழலில், காற்று நேராகப் படாத இடத்தில் மூன்று நாள் வையுங்கள்.

பிறகு 220, 400, 600 என்ற வரிசையில் தேயுங்கள். சன்னலோரம் பலகையைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தூரிகைத் தடம் எதுவும் தெரியக் கூடாது. தந்தம் போல வழவழப்பாக இருக்க வேண்டும். தங்கம் எந்தக் கீறலையும் மறைக்காது, பெரிதாக்கித்தான் காட்டும்.

3. கோடு

தொடுவானத்தை மேலே ஏற்றி வையுங்கள்: மேல் 9 செ.மீ. தங்கம், கீழ் 15 செ.மீ. கடல். ஐக்கானில் தண்ணீர் தொலைவுக்குப் படுத்துப் போகாது, பார்ப்பவர் முன்னால் எழுந்து நிற்கும். இயேசுவின் ஞானஸ்நானக் காட்சிகளில் யோர்தான் ஆறு ஒரு திரை போல நிற்பதைப் பார்த்தால் இது புரியும். படகையும் பாய்மரத்தையும் கடற்பரப்புக்குள்ளேயே அடக்கிவிடுங்கள். தங்கத்தின் மேல் முட்டை வண்ணம் சரியாகப் பிடிக்காமல் துளித்துளியாக ஒதுங்கும். முதல் படத்தில் அந்தத் தலைவலி வேண்டாம். பாறைத் தீவின் உச்சி மட்டும் தங்கத்துக்குள் எட்டிப்பார்க்கலாம், அந்த இடத்திலும், கடைசியில் செங்காவிக் கரை வரும் அரை செ.மீ. ஓரத்திலும் ரேக்கு ஒட்டாமல் விட்டுவிடுவோம்.

தாளில் வரைந்து, பின்பக்கம் செங்காவிப் பொடியைத் தேய்த்து, பலகையில் வைத்துக் கோட்டின் மேல் அழுத்தி வரையுங்கள். பென்சில் கரி முட்டை வண்ணத்தோடு கலந்து அழுக்காகும். காவி கலந்தாலும் கெடுதல் இல்லை. தங்கமும் வண்ணமும் சந்திக்கும் எல்லையை மட்டும் ஊசியால் மெல்லிய பள்ளமாகக் கீறுங்கள். பழைய ஐக்கான்களில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது இந்தக் கீறலை இன்றும் காணலாம்.

4. தங்கம்

வண்ணத்துக்கு முன்பே தங்கத்தை ஒட்டிவிட வேண்டும். பிறகு ஒட்டினால் முட்டை வண்ணத்தின் மேலெல்லாம் ரேக்கு துகள் ஒட்டிக்கொள்ளும். பாரம்பரிய முறையில் செங்களிமண் பூசி, நீர் தடவி ஒட்டி, அகேட் கல்லால் மெருகேற்றுவார்கள். அது கைவர மாதங்கள் ஆகும். தொடக்கத்துக்கு மிக்ஷன் முறை போதும்.

தங்கம் வரும் பகுதிக்கு அரக்கை மெல்லியதாக மூன்று தடவை பூசிக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் சுண்ணம் மிக்ஷனைக் குடித்துவிடும். பிறகு மிக்ஷனை மிகவும் மெல்லியதாக, கிட்டத்தட்டத் துடைத்தெடுப்பது போலப் பூசுங்கள். மூன்று மணி கழித்து விரல் முட்டியால் தொட்டு எடுத்தால் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வர வேண்டும், கையில் எதுவும் ஒட்டக் கூடாது. அதற்கு முன் ரேக்கை வைத்தால் தங்கம் பசையில் மூழ்கி மங்கிப்போகும். மிகத் தாமதித்தால் பிடிக்காது.

காத்திருக்கும் நேரத்தில் கடல் பகுதியில் சீமைச்சுண்ணாம்புப் பொடியைத் தூவித் துடைத்துவிடுங்கள். வழிதவறும் ரேக்கு அங்கே ஒட்டாது. மின்விசிறியை நிறுத்துங்கள். ஏட்டை முகம் கீழாக வைத்து, பின்தாளை விரலால் வருடி உரித்தெடுங்கள். மூன்று பத்தி, இரண்டு வரிசை. ஒன்றின் மேல் ஒன்று 3 மி.மீ. ஏறட்டும். ஆறு ஏடு ஆகும், மீதி இரண்டும் ஓட்டை அடைக்க. தஞ்சாவூர் ஓவியத்தில் ரேக்கு ஒட்டிப் பழகிய கைக்கு இது எளிது. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே புடைப்பின் மேல் ஒட்டுவோம், இங்கே தட்டையான பரப்பில். பித்தளை ரேக்கு மலிவு என்று வாங்காதீர்கள்; வார்னிஷ் போடாமல் விட்டால் கறுத்துவிடும்.

மூன்று நாள் இடைவெளி விடுங்கள்.

5. முட்டைக் கலவை

முட்டையை உடைத்து மஞ்சள் கருவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றி உருட்டுங்கள். ஒவ்வொரு முறையும் காலியான கையைத் துணியில் துடைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கரு முழுக்கப் போனதும் மஞ்சள் கருவின் மேல்தோல் லேசாக உலர்ந்திருக்கும். அந்தத் தோலை இரு விரலால் கிள்ளித் தூக்கி, கிண்ணத்துக்கு மேலே பிடித்து, கீழிருந்து குத்துங்கள். கரு வழிந்துவிடும், தோல் விரலில் தங்கும். தோலை எறிந்துவிட்டு, கரு அளவுக்குச் சமமாகத் தண்ணீர் சேருங்கள்.

கெடாமல் இருக்க வினிகர் சேர்ப்பது கிரேக்க வழக்கம். ஆனால் அல்ட்ராமரைன் அமிலத்தைத் தாங்காது, நிறம் வெளிறும். இந்தப் படத்தில் அதுதான் முக்கிய நீலம் என்பதால் வினிகரே வேண்டாம். தினமும் புது முட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறப்பொடிகளைத் தனித்தனியாகத் தண்ணீரில் பற்பசைப் பதத்துக்குக் குழைத்து வையுங்கள். அல்ட்ராமரைன் தண்ணீரில் எளிதில் நனையாது. ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டால் அடங்கும். வரையும்போது ஒரு பங்கு குழம்புக்கு ஒரு பங்கு முட்டைக் கலவை. சரியா என்று அறிய ஒரு கண்ணாடித் துண்டில் பூசிக் காயவைத்து, பிளேடால் சுரண்டுங்கள். காய்ந்த பாலாடை போலச் சுருண்டு வந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் முட்டை போதவில்லை. பிசுபிசுத்துப் பளபளத்தால் முட்டை கூடிவிட்டது.

6. இருட்டுக் கடல்

கிரேக்க ஓவியர்கள் இந்த அடித்தளத்தை புரோபிளாஸ்மோஸ் என்பார்கள். அல்ட்ராமரைன் மூன்று பங்கு, பச்சை மண் இரண்டு, கறுப்பு ஒன்று, அம்பர் ஒரு துளி. நீர்த்த பால் அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, கடல் முழுவதும் ஒரே நிறமாகப் பூசுங்கள். ஒரே பூச்சில் மூடிவிட நினைக்காதீர்கள், நான்கு பூச்சு ஆகும். படகுக்கு அம்பரும் கறுப்பும், தீவுக்கு மஞ்சள் காவியோடு பச்சை மண்.

புதியவர்கள் எல்லோருமே இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். பூச்சு பாதி காய்ந்த நிலையில் அதே இடத்தைத் தூரிகையால் திரும்பத் தொடுகிறார்கள். அடியில் இருப்பது கரைந்து எழுந்து, நடுவில் வெள்ளைச் சுண்ணம் தெரியும். எழுந்துவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் காயட்டும். அப்புறம் அந்தக் குழியை மட்டும் நிரப்பலாம்.

7. வெளிச்சம்

அடித்தள நிறம் ஆறு பங்கோடு வெள்ளை ஒரு பங்கு, கொஞ்சம் நீலம். இது முதல் வெளிச்சம். டைட்டானியம் வெள்ளை வீரியம் மிக்கது, கூடினால் கடல் பிளாஸ்டிக் நீலமாகிவிடும். இந்த நிறத்தில், கடலின் குறுக்கே நீண்ட பட்டைகளாக, பரப்பில் பாதிக்கு மேல் மூடாமல் போடுங்கள். இரண்டாவது வெளிச்சத்தில் வெள்ளையைக் கூட்டி, முதல் பட்டைகளுக்குள்ளேயே இன்னும் ஒடுக்கமாக. மூன்றாவது கிட்டத்தட்ட வெள்ளை, ஒரு துளி மஞ்சள் காவியோடு. அது வெறும் கோடுகள்தான்.

அந்தக் கோட்டுக்கு ஒன்றாம் எண் தூரிகை. வண்ணத்தில் தோய்த்துத் துணியில் ஒற்றி, முனை கூராக வந்ததும் தொடுங்கள். நுனியால் தொட்டு, போகப்போக லேசாக அழுத்தி, வளைவின் வயிற்றில் கோடு பருத்து, பிறகு தூக்கிக்கொண்டே போய் மெலிந்து முடிய வேண்டும். மூச்சை வெளியே விடும்போது இழுத்தால் கை நடுங்காது. அலைக்கோடுகளுக்கு இடையிலான இடைவெளியைத் தொடுவானத்தை நோக்கிக் குறைக்காதீர்கள். குறைத்தால் கடல் பின்னோக்கிப் படுத்துவிடும்.

தீவின் பாறையைப் படிக்கட்டு போல வெட்டுங்கள்: ஒவ்வொரு படியின் மேல்தட்டும் வெளிச்சம், முகப்பு இருட்டு. படகுக்கு நிழலும் வேண்டாம், தண்ணீரில் பிம்பமும் வேண்டாம். ஐக்கானில் ஒரு மூலையிலிருந்து வெயில் அடிப்பதில்லை. தங்கமே வெளிச்சம், அது எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. நிழல் ஒன்று போட்ட மறுநிமிடம் தங்கம் வெறும் மஞ்சள் வானமாகிவிடும்.

கடைசியாகப் பலகையின் ஓரத்தைச் சுற்றி அரை செ.மீ. செங்காவிக் கரை.

8. காயவிடுதல்

தொட்டால் காய்ந்ததாகத் தெரியும், உண்மையில் முட்டை இறுக மாதக்கணக்கில் ஆகும். ஆறு மாதத்துக்குள் வார்னிஷ் போடக் கூடாது. பழையவர்கள் காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் பூசினார்கள். அது காலப்போக்கில் கருத்துவிடும் என்பதால் டம்மார் வார்னிஷே நல்லது. அதுவரை கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைக்காமல், ஈரம் இல்லாத, காற்றோட்டமான சுவரில் மாட்டுங்கள். மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய வெண்படலம் மட்டும் தோன்றினால் பயப்பட வேண்டாம், முட்டைக் கொழுப்பு மேலே வருகிறது, உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போகும். ஒரு மாதம் ஆனதும் பழைய பட்டுத்துணியால் கடல் பகுதியை மட்டும் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். மங்கலாக இருந்த நீலம் உள்ளிருந்து பளபளக்கத் தொடங்கும்.