சிங்கப்பூரில் மின்துறைத் தொழிற்பயிற்சி: உரிமத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்

"எலக்ட்ரீஷியன் வேலை கத்துக்க எங்கே சேரலாம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு கல்லூரியின் பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். முதலில் எந்த உரிமம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள் என்பேன். அது தெரிந்துவிட்டால், எந்த நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்வது என்பதும் பாதி தெளிந்துவிடும்.

படி 1: உரிமம்

எரிசக்திச் சந்தை ஆணையம் மின்பணியாளர்களுக்கு மூன்று நிலைகளில் உரிமம் தருகிறது. எலக்ட்ரீஷியன் உரிமம் 45 கிலோவோல்ட் ஆம்பியர் (மின்சுமையின் அளவு) வரையிலான இணைப்புகளுக்கு. வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளும் சிறு கடைகளும் இதற்குள் அடங்கிவிடும். டெக்னீஷியன் 150 கிலோவோல்ட் ஆம்பியர் வரை வடிவமைத்து நிறுவலாம். இன்ஜினியருக்கு இந்தச் சுமை வரம்பு இல்லை. உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும்போது சான்றிதழோடு வேலை அனுபவமும் காட்ட வேண்டும். அதனால்தான், உரிமம் பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தராத இடத்தில் உங்கள் நாட்களைச் செலவிட வேண்டாம் என்கிறேன்.

மின்னணுத் துறை வேறு பாதை. உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் பகுதிகளில் உள்ள சிப் தொழிற்சாலைகளில் இயந்திரப் பராமரிப்பு வேலைக்கு இந்த உரிமம் பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் ஷிப்ட் வேலை, தலை முதல் கால் வரை மூடிய உடை. இரவு வேலை ஒத்துக்கொள்ளுமா என்று வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: எந்த வழியில் நுழைவது

நைட்டெக் அல்லது உயர் நைட்டெக் (தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் சான்றிதழ்கள்) முடித்தவர்களுக்கு அதே கழகத்தின் வேலை-கல்விப் பட்டயம்தான் நேரான வழி. சம்பளத்துடன் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே படிக்கலாம். கல்லூரி மட்டும் தேர்ந்தெடுத்தால் போதாது, நிறுவனமும் நேர்காணல் வைத்து எடுக்க வேண்டும். தேசிய சேவைக்குப் போகவேண்டிய பையன்கள் அந்தத் தேதியை விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

வேறு வேலையிலிருந்து மாறி வருபவர்கள் கழகத்தின் பகுதிநேர வகுப்புகளைப் பார்க்கலாம். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் ஊர்த் தம்பிகளுக்கு நிலைமை வேறு. சீட்டில் குறிப்பிட்ட முதலாளியிடம்தான் வேலை செய்ய முடியும். ஆகவே வெளியில் பயிற்சி தேடும் முன் அவரிடமே பேசுங்கள்.

படி 3: நிறுவனத்தைக் கண்டுபிடிப்பது

வேலை விளம்பரங்களை மட்டும் நம்பி உட்காராதீர்கள். யாரும் பார்க்கக்கூடிய இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் பதிவேடு. மற்றொன்று, கட்டட, கட்டுமான ஆணையத்தின் ஒப்பந்ததாரர் பட்டியல். அதில் எம்இ05 என்ற பிரிவைத் தேடினால் மின்பொறியியல் நிறுவனங்கள் வரிசையாக வரும். உங்கள் வட்டாரத்தில் இருப்பவற்றைக் குறித்துக்கொண்டு நேரடியாகத் தொடர்புகொள்ளுங்கள்.

தொடக்கத்துக்குச் சிறிய ஒப்பந்ததாரரே மேல் என்பது என் கருத்து. பெரிய கட்டுமானத் தளத்தில் மாதக்கணக்கில் கேபிள் இழுப்பதே வேலையாகிவிடலாம். வீடுகளுக்கு மறு வயரிங் செய்பவரிடம் சேர்ந்தால், சுவரில் கோடு போடுவதிலிருந்து டிபி பாக்ஸை (மின்விநியோகப் பெட்டி) முடித்துச் சோதிப்பது வரை முழு வேலையும் கண்முன் நடக்கும்.

முதல் செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: "வணக்கம் சார். உயர் நைட்டெக் மின்பொறியியல் முடித்திருக்கிறேன். உங்களிடம் பயிற்சியாளராகச் சேர விரும்புகிறேன். எப்போது வந்து பார்க்கலாம்?" இவ்வளவு போதும். பதில் வரவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து போன் செய்யுங்கள்.

படி 4: நேர்காணல்

அடிப்படை தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிபி பாக்ஸில் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் இரண்டு பாதுகாப்புச் சுவிட்சுகள் ஆர்சிசிபி, எம்சிபி; ஆர்சிசிபி ஏன் வேண்டும், எம்சிபிக்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று சொல்லத் தெரிய வேண்டும். எம்சிபி அதிக மின்னோட்டத்தையும் ஷார்ட் சர்க்யூட்டையும் துண்டிக்கும். மின்சாரம் கசிந்து உடம்பு வழியாகப் போனால் ஆளைக் காப்பது ஆர்சிசிபி.

வயர் நிறங்களை நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள். பழைய வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ் (மின்சாரம் வரும் கம்பி), கறுப்பு நியூட்ரல் (திரும்பும் கம்பி). புதிய முறையில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் பேஸ், நீலம் நியூட்ரல். அதாவது கறுப்பும் நீலமும் அப்படியே இடம் மாறிவிட்டன! பழைய கட்டடத்தில் புதிதாகக் கொஞ்சம் வயர் சேர்த்திருந்தால் இரண்டு முறையும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். நிறத்தை நம்பாமல் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைப்பேன் என்று நேர்காணலில் சொல்லுங்கள், வேலையிலும் அப்படியே செய்யுங்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே கண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

படி 5: கையெழுத்துக்கு முன்

மூன்று கேள்விகள் கேளுங்கள். என்னை மேற்பார்வையிடப் போகும் உரிமம் பெற்றவர் யார்? நான் செய்த வேலைகளை எழுதி வைத்தால் அவர் கையெழுத்திடுவாரா? வகுப்பு நாளில் வேலைக்கு வரச் சொல்வீர்களா? முதலிரண்டுக்கும் பதில் மழுப்பலாக வந்தால், சம்பளம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.

வேலை விதிமுறைகளை, வேலையில் சேர்ந்த 14 நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்பது இங்கே சட்டம். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி, இடம், செய்த வேலை, மேற்பார்வையாளர் பெயர் எல்லாவற்றையும் எழுதி, மாதக் கடைசியில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆண்டுகள் கழித்து உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது பழைய முதலாளியைத் தேடி அலையாமல் இருக்கலாம்.