டூட்டி லிஸ்ட் பென்சிலைப் பிடிக்கும் முறை

எங்கள் மருத்துவமனையில் அடுத்த மாத டூட்டி லிஸ்ட்டை முதலில் பென்சிலில்தான் போடுவோம். யாருக்கு எத்தனை நைட், தீபாவளியன்று யாருக்கு ஆஃப், யார் ஐ.சி.யூ., யார் ஓ.பி. என்பதெல்லாம் அந்தப் பென்சில் நுனியில் இருக்கும். தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் செவிலியர் கண்காணிப்பாளராக அதைப் பிடித்திருந்தேன். பதவி உயர்வு வந்த அன்று ஸ்டோர் சாவியைக் கணக்குப் பார்த்து வாங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். பென்சிலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புதிதாகப் பொறுப்பேற்கும் சிஸ்டர்களுக்கு நான் சொல்ல நினைப்பது அதைப் பற்றித்தான்.

பெயர்களை எழுதுவதற்கு முன்னால் எண்ணுங்கள். கடந்த ஆறு மாத லிஸ்ட்டை எடுத்து, ஒவ்வொருவரும் எத்தனை நைட் பார்த்தார்கள், எத்தனை பண்டிகைக்கு வேலையில் இருந்தார்கள் என்று பெயருக்கு நேரே குறித்துப் பாருங்கள். நான் அப்படி எண்ணியபோது என் ஊர்க்காரப் பெண் ஒருவருக்கு 19 நைட். தொகுப்பூதியத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு 47. வேண்டுமென்று செய்ததில்லை. ஊர்க்காரப் பெண் வந்து, "மேடம், பிள்ளைக்குக் காய்ச்சல்" என்பார், மாற்றிக் கொடுத்துவிடுவேன். மற்றவர் வந்து கேட்டதே இல்லை. கேட்காதவர் தலையில் பாரம் ஏறிக்கொண்டே போனதை எண்ணிய பிறகுதான் பார்த்தேன்.

அவர் ஏன் கேட்கவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். 2015-இல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் வந்த நர்ஸ்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரமாகிவிடும் என்று நம்பி வந்தவர்களில் பலர் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த நிலையில் இருப்பவர் மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்லத் துணியமாட்டார். அதனால் கடினமான டூட்டியை நிரப்பும்போது, மறுத்துப் பேச வழியில்லாதவரின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள். நம் கை தானாகவே அவர் பெயரை முதலில் எழுதப் போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நைட் எண்ணிக்கையை லிஸ்ட்டின் ஓரத்திலேயே எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். முதல் மாதம் சத்தம் வரும். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டாவது மாதத்திலிருந்து அவர்களே எண்ணிப் பார்த்துத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். மையில் எழுதிய பிறகு மாற்ற வேண்டியிருந்தால் காரணத்தைப் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத முடியாத காரணம் என்றால் மாற்றாதீர்கள்.

அடுத்தது தவறுகள். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், ஏனென்றால் நான் பெரிய தவறு செய்தது இங்கேதான்.

ஒரு நர்ஸ் 14-ஆம் கட்டில் நோயாளிக்குப் போட வேண்டிய ஆன்டிபயாடிக்கை 15-ஆம் கட்டிலுக்குப் போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் தானே வந்து சொன்னார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் நர்சிங் ஸ்டேஷனில், அட்டெண்டர், உறவினர்கள் எல்லாரும் பார்க்க அவரைத் திட்டினேன். அதோடு விடாமல் அடுத்த மாதம் அவருக்குத் தொடர்ந்து நைட் போட்டேன். எங்களுக்கு நைட் என்றால் இரவு 7 முதல் காலை 7 வரை. அதன்பிறகு நான்கு மாதம் என் மேஜைக்கு ஒரு தவறும் வரவில்லை. வார்டு திருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

ஐந்தாவது மாதம் ஆண்கள் மெடிக்கல் வார்டில் ஒரு பெரியவர் விடியற்காலையில் வியர்த்து நனைந்து நினைவில்லாமல் கிடந்தார். இரத்தத்தில் சர்க்கரை 38-க்கு இறங்கியிருந்தது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) ஏற்றியதும் கண் திறந்தார். காலையில் விசாரித்தோம். வீட்டுக்காரர்கள் வெளிக்கடையில் வாங்கிவந்த இன்சுலின், மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பி. ஆஸ்பத்திரியில் இருப்பது 40 யூனிட் இன்சுலினுக்கான சிவப்பு மூடி சிரிஞ்ச். அந்தச் சிரிஞ்சில் இந்தக் குப்பியை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் எடுத்திருக்க வேண்டும்.

ஊசி போட்ட நைட் நர்ஸ் தன் தவறை இரவு பத்து மணிக்கே கண்டுபிடித்திருக்கிறார். டூட்டி டாக்டரைக் கூப்பிடவில்லை. என்னையும் கூப்பிடவில்லை. தன் டிபன் பையிலிருந்த பிஸ்கட்டையும் சர்க்கரைத் தண்ணீரையும் கொடுத்துவிட்டு, கட்டில் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாலு மணிக்கு இன்னொரு நோயாளிக்கு மூச்சுத்திணறல் என்று எழுந்து போன நேரத்தில் பெரியவரின் சர்க்கரை இறங்கிவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அந்த அக்காவுக்கு நடந்தது ஞாபகம் வந்துச்சு மேடம்" என்றார்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்பது பின்னாளில் ஒரு பயிற்சியில் தெரிந்தது. 1990-களில் அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகள் எந்தக் குழுக்களில் அதிகம் என்று பார்த்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. அவர்கள் பயப்படாமல் சொன்னார்கள் என்பதுதான் அவர் கண்ட விளக்கம். என் நான்கு மாத வெற்றுப் பதிவேட்டின் பொருள் எனக்கு அப்போது விளங்கியது.

அதனால் ராத்திரி மூன்று மணிக்கு போன் வந்தால் என்ன கேட்பது என்பதை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதலில், "பேஷண்ட் எப்படி இருக்கார்?" அப்புறம், "டாக்டர் வந்துட்டாரா? உதவிக்கு யாரை அனுப்பட்டும்?" அதற்குப் பிறகு, "நல்ல வேளை சொன்னீங்க." யார் செய்தது என்பதைக் காலையில் கேட்கலாம். காலையிலும், கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். அந்த இன்சுலின் சம்பவத்துக்குப் பிறகு 40 யூனிட், 100 யூனிட் சிரிஞ்சுகளை வெவ்வேறு டப்பாவில் வைத்து, வெளியிலிருந்து வரும் குப்பிகளை இரண்டு பேர் பார்த்துப் பதிய ஏற்பாடு செய்தோம். அந்த யோசனையைச் சொன்னது தவறு செய்த அதே பெண்.

எல்லாவற்றையும் மன்னித்துவிடச் சொல்லவில்லை. பார்க்காத இரத்த அழுத்தத்தைப் பார்த்ததாகச் சார்ட்டில் எழுதுவது, நோயாளியிடம் காசு வாங்குவது, கை ஓங்குவது, டூட்டியில் இல்லாமல் போவது, இதற்கெல்லாம் மெமோ கொடுத்துத்தான் ஆக வேண்டும். அரசுப் பணியாளர் ஒழுங்கு விதிகளில் 17(அ) என்றால் சிறு தண்டனை, 17(ஆ) என்றால் வேலையே போகலாம். நீங்கள் எழுதி அனுப்பும் அறிக்கைதான் அது எதுவாகும் என்பதற்கு ஆரம்பம். கோபத்தில் எழுதிய அறிக்கையை ஒரு ராத்திரி மேஜை டிராயரில் வையுங்கள். காலையில் படித்து, கண்ணால் பார்த்தது எது, யாரோ சொன்னது எது என்று பிரித்து எழுதுங்கள். அவர் தரப்பை எழுதி வாங்காமல் மேலே அனுப்பாதீர்கள்.

அதிகாரத்தை மேல்நோக்கியும் பயன்படுத்த வேண்டும். இதை நம்மில் பலர் செய்வதே இல்லை. 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற டாக்டர், சென்ட்ரல் லைன் (பெரிய இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) போடும்போது செய்ய வேண்டிய ஐந்தே படிகளைத் தாளில் எழுதினார். கை கழுவுவதுதான் முதல் படி. ஒரு படியை டாக்டர் விட்டுவிட்டால் நிறுத்தச் சொல்லும் உரிமையை நர்ஸ்களுக்கு நிர்வாகம் கொடுத்தது. தொற்று பெருமளவு குறைந்தது. தாளில் இருந்த ஐந்து படிகளும் எல்லா டாக்டருக்கும் தெரிந்தவைதான். நிறுத்தச் சொன்ன நர்ஸுக்குப் பின்னால் நிர்வாகம் நின்றதுதான் புதிது. உங்கள் நர்ஸ் ஒருவர் "சார், கிளவுஸ் மாத்துங்க" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டால், அன்றே அந்த டாக்டரின் அறைக்குப் போய்ப் பேசுங்கள். நீங்கள் போனது அந்த நர்ஸுக்குத் தெரிய வேண்டும்.

பாலியல் தொல்லை பற்றிய புகார் வந்தால் சமாதானம் பேசாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் அலுவலர், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் கட்டாயம். ஒப்பந்தப் பணியாளர், பயிற்சி மாணவி எல்லாருக்கும் இது பொருந்தும். புகார் கொடுக்க மூன்று மாதம், விசாரணை முடிக்க 90 நாள். எழுத வரவில்லை என்றால் எழுத உதவி செய்யுங்கள். பாதுகாப்பு என்று சொல்லிப் புகார் கொடுத்த பெண்ணை வேறு வார்டுக்குத் தூக்கிப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அவரே எழுதிக் கேட்டால் ஒழிய அதைச் செய்யாதீர்கள்.

சின்ன விஷயங்கள் சில. ஆயாம்மாவை உங்கள் வீட்டு வேலைக்குக் கூப்பிடாதீர்கள், காசு கொடுத்தாலும் வேண்டாம். கீழே வேலை பார்ப்பவரிடம் கடன் வாங்காதீர்கள், சீட்டும் பிடிக்காதீர்கள்.

நீங்களும் ஒருநாள் தவறாக நடந்துகொள்வீர்கள். அப்போது, எந்த இடத்தில் திட்டினீர்களோ அதே இடத்தில், யார் முன்னால் திட்டினீர்களோ அவர்கள் இருக்கும்போது மன்னிப்புக் கேளுங்கள். அறைக்குள் கூப்பிட்டுக் கேட்பது போதாது, அவர் மானம் போனது வெளியில்தானே. நான் அந்த ஆன்டிபயாடிக் பெண்ணிடம் நர்சிங் ஸ்டேஷனில் நின்று, "நான் திட்டியது தப்பு, நைட் போட்டதும் தப்பு" என்று சொன்னேன். அட்டெண்டர் கையிலிருந்த ஃபைலோடு அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பெண் "சரிங்க மேடம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த மாச லிஸ்ட்டை நான் பார்க்கலாமா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் நின்றபடியே விரல் வைத்து நைட்டுகளை எண்ணினார்.