600-இல் ஒரு வேலி: மின்கட்டணப் பில்லைக் கிராணி படிக்கும் முறை

பில்லைப் பிரித்ததும் அடியில் உள்ள தொகையைப் பார்க்காதீர்கள். அதைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் 26 ஆண்டுகள் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, இருந்தவன் நான். செக்ரோல் என்ற ஆள்வரவுப் பேரேட்டில் ஆள்கணக்கு சரியான பிறகுதான் சம்பளத்தைக் கூட்டுவோம். பில்லிலும் முதலில் பார்க்க வேண்டியது யூனிட்.

அடுத்த வீட்டு அக்கா ஒருநாள் பில்லோடு ஓடிவந்தார். "கிராணி ஐயா, யூனிட்டுக்கு 21 காசு 80 கட்டிவந்தேன், இப்போது 44 காசாம்!" எண் சரிதான், பயம்தான் தவறு. 2025 ஜூன் 30 வரை படிப்படியான கட்டணம்: முதல் 200 யூனிட்டுக்கு 21.80 காசு, அடுத்த நூற்றுக்கு 33.40, அதற்கடுத்த முந்நூற்றுக்கு 51.60. இப்போது அந்தப் படிகள் இல்லை. மாதம் 1,500 யூனிட் வரை உற்பத்திக்கு 27.03, மின்நிலையங்களின் கொள்திறனுக்கு 4.55, கம்பிவடத்துக்கு 12.85, ஆக 44.43 காசு. அதன் கீழே கழித்தல் குறியோடு ஒரு வரி இருக்கும். அதுதான் சிக்கன ஊக்கத்தொகை. 200 யூனிட்டுக்குள் என்றால் யூனிட்டுக்கு 25 காசு கழியும். 200 யூனிட்டுக்கு முன்பு 43.60 வெள்ளி (ரிங்கிட்), இப்போது 38.86.

இனி வேலிக்கு வருகிறேன். கழிவு விகிதம் கடைசி யூனிட்டுக்கு மட்டுமல்ல, மொத்தப் பயன்பாட்டுக்கும் பொருந்தும். 600 யூனிட்டில் கழிவு 9 காசு, கட்ட வேண்டியது 212.58 வெள்ளி. 601 ஆனால் கழிவு 7.5 காசாகச் சுருங்கும். அதுவரை விலக்கப்பட்டிருந்த 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் (பில் போடுவது போன்ற சேவைக்கான மாதக் கட்டணம்) சேரும். தொகை 231.95. ஒரே ஒரு யூனிட்டுக்கு 19 வெள்ளிக்கு மேல்! இது அரசு வரி போன்றவை சேராத கணக்கு. எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் ஏறி இறங்கும் சரிக்கட்டலும் வேலிக்கு அப்பால்தான் வரும்.

எனவே ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து, தினசரிக் காலண்டர் தாளில் எண்ணை எழுதுங்கள். 600-ஐ 30 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 20, வாரத்துக்கு 140. அதைத் தாண்டினால் வீட்டில் ஏதோ ஒன்று தின்கிறது. ஒரு குதிரைத்திறன் ஏசி எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஆறு யூனிட். தீபாவளி மாதத்தில் பேரப்பிள்ளைகள் வந்தால் இரண்டு அறைக்கு ஏசி. என் வீட்டுக் கணக்கே அப்போது 600-ஐ முட்டும்.

ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் நேரவாரிக் கட்டணத்தையும் கேட்டுப் பெறலாம். வாரநாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை கூடுதல் விலை, மற்ற நேரமும் வாரக்கடைசியும் மலிவு. இரவு 10-க்குப் பிறகுதான் ஏசி போடுபவர்களுக்கு இது லாபம். பகலெல்லாம் தொலைக்காட்சியும் மின்விசிறியும் மட்டும் ஓடும் வீட்டுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

அக்காவின் காலண்டரில் போன வாரம் 151, இந்த வாரம் 133. பழைய குளிர்பெட்டியின் கதவு ரப்பரை மாற்றியிருக்கிறார்.