கன்னடம் பேசும் விருந்தாளியோடு கூத்துப் பார்ப்பது எப்படி

கோடையில் தருமபுரிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து, வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் சொந்தக்காரர்கள் வந்தால் அவர்களைக் கட்டாயம் கூட்டிப் போவேன்.

இரவு என்ன கதை என்று பகலிலேயே கேட்டுச் சொல்லிவிடுங்கள். பாரதம் அவர்களுக்கும் தெரிந்ததுதான்.

கர்நாடகத்துக் கூத்தான யட்சகானம் பார்த்துப் பழகியவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே பாகவதர் பாடுவார், வேஷக்காரர் ஆடிப் பேசுவார். இங்கே வேஷம் கட்டினவரே பாடி, ஆடி, வசனமும் பேசுவார். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடுவார்கள். இது தெரியாவிட்டால் யாரைப் பார்ப்பது என்றே குழம்பிப் போவார்கள்.

பாயை முன்னாலேயே போடுங்கள், முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல் நன்றாகக் கேட்கும். பாட்டு புரியாவிட்டால் பரவாயில்லை. அதே சங்கதி அப்புறம் வசனமாக வரும், அப்போது காதோடு சொன்னால் போதும். கோமாளியாக வரும் கட்டியக்காரன் பேச்சுதான் கஷ்டம். முழுக்க ஊர்ப் பேச்சு, ஊர் நையாண்டி. அதை மொழிபெயர்க்க மெனக்கெடாதீர்கள். அவன் முகத்தையும் நடையையும் பார்த்தாலே சிரிப்பு வரும்.

நள்ளிரவுக்கு மேல் தூங்கினால் தூங்கட்டும். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடத் தொடங்கியதும் எழுப்பிவிடுங்கள். திரை விலகி அந்தக் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் தெரிவதைத் தவறவிடவே கூடாது.

ஒரே நாள்தான் தங்க முடியும் என்றால் துரியோதனன் சாவை நடத்திக் காட்டும் படுகளத்தன்று வரச் சொல்லுங்கள். தரையில் படுத்த கோலத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம், திரௌபதி கூந்தல் முடிப்பது எல்லாம் அன்றுதான். அது பகலில் நடக்கும், குடையும் தண்ணீரும் எடுத்துப் போங்கள்.