கடையில் கிடைக்கும் காப்பர் டியூபில் ஒரு வெப்பப் பரிமாற்றி: கணக்கிலிருந்து கசிவுச் சோதனை வரை

முதன்முதலாக வெப்பப் பரிமாற்றி செய்பவர்களுக்கு இரட்டைக் குழாய் வகைதான் சரி. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்ளே சுடுநீர், இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் குளிர்நீர். ஏசி உதிரிபாகக் கடையில் வாங்கும் டியூபும் டீயும் (T வடிவ இணைப்பு) போதும், லேத் வேலை தேவையில்லை.

முதலில் காகிதத்தில்

நிமிடத்துக்கு 6 லிட்டர் சுடுநீரை 60 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 0.1 கிலோ × 4.18 (நீரின் வெப்ப ஏற்புத்திறன்) × 15 டிகிரி = 6.27 கிலோவாட். குளிர்நீர் 30 டிகிரியில், நிமிடத்துக்கு 9 லிட்டர் வந்தால் 40 டிகிரியில் வெளியேறும்.

இரண்டு நீரும் எதிரெதிராக ஓட வேண்டும். அப்போது ஒரு முனையில் வித்தியாசம் 60 − 40 = 20, மறுமுனையில் 45 − 30 = 15. சராசரி என்றதும் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள்; மடக்கைச் சராசரி எடுக்க வேண்டும் (ln என்பது இயல் மடக்கை): (20 − 15) ÷ ln(20/15) = 17.4 டிகிரி. ஒரே திசையில் ஓடவிட்டால் இது 14 ஆகக் குறையும். அதே வேலைக்கு 25 சதவீதம் அதிகக் குழாய் வாங்க நேரும்.

அடுத்து யு மதிப்பு, அதாவது ஒரு சதுர மீட்டர் சுவர் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் கடத்தும் என்பது. இந்த அளவுகளில் சுத்தமான குழாய்க்கு 2,400 அளவில் வரும். உப்புப் படிவதற்கு இடம் விட்டு 1,200 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு = 6,270 ÷ (1,200 × 17.4) = 0.30 சதுர மீட்டர். 5/8 இன்ச் டியூபின் வெளிவிட்டம் 15.88 மி.மீ., எனவே நீளம் 6 மீட்டர். இரண்டிரண்டு மீட்டராக மூன்று வரிசை வைத்தால் முடிந்தது.

வெளிக்குழாய் பெரிதாக இருந்தால் நல்லதா?

இல்லை. பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். 7/8 இன்ச் குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 20.2 மி.மீ.; இடைவெளி 2 மி.மீ. சொச்சம். குளிர்நீர் அதில் வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கொந்தளித்து ஓடும். "தாராளமா இருக்கட்டும்" என்று 1 1/8 இன்ச் போட்டால் வேகம் 0.45 மீட்டராக இறங்கும். குளிர்நீர்ப் பக்கத்தின் கடத்தும் திறன் பாதிக்கும் கீழே போய், 6 மீட்டர் ஏறக்குறைய ஏழரை மீட்டராகும்.

குறுகிய இடைவெளிக்கு ஒரு விலை உண்டு: அழுத்த இழப்பு. நேர்க்குழாயில் மட்டும் 0.35 பார். டீக்களையும் இடைவெளிக் கம்பியையும் சேர்த்து 0.6 பார் என்று கணக்கு வையுங்கள். ஏறக்குறைய 6 மீட்டர் உயரம். ஒரு மாடி வீட்டு மேல்தொட்டியால் முடியாது, சிறிய பம்ப் வேண்டும்.

வாங்க வேண்டியவை

5/8 கடின காப்பர் டியூப் 7.5 மீட்டர், 7/8 டியூப் 6.5 மீட்டர், 7/8 சம டீ 6, 7/8க்கு 5/8 ரெடியூசர் (பெரிய குழாயைச் சிறியதோடு இணைக்கும் துண்டு) 6, 5/8 எல்போ (L வடிவ இணைப்பு) 4, 2 மி.மீ. காப்பர் கம்பி 8 மீட்டர், காப்பர்-பாஸ்பரஸ் பிரேசிங் ராடு (சூடாக்கி உருக்கி இணைப்புகளை ஒட்டும் கம்பி). சுருளாக விற்கும் மென் டியூபைத் தவிருங்கள். எவ்வளவு நிமிர்த்தினாலும் அலைபோல வளைந்தே இருக்கும், வெளிக்குழாய்க்குள் நுழையாது.

பொருத்துவது

ரெடியூசரின் 5/8 பக்கத்தில் டியூபைத் தடுத்து நிறுத்தும் விளிம்பு இருக்கும். அதை 16 மி.மீ. டிரில் பிட்டால் எடுத்துவிடுங்கள். உள்குழாய் இனி ரெடியூசரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். லேத்தில் கடைய வேண்டிய முனைத்தொப்பியின் வேலை இதிலேயே முடிந்துவிடுகிறது.

7/8 குழாயை 2 மீட்டராக மூன்று துண்டு வெட்டி, இரு முனையிலும் டீ, 4 செ.மீ. துண்டு, ரெடியூசர் என்ற வரிசையில் பிரேஸ் செய்யுங்கள். நடு வரிசையின் இரண்டு டீக்களும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று முதல் வரிசையோடும் மற்றது மூன்றாவதோடும் சேரும். நெருப்பு வைக்கும் முன் தரையில் அடுக்கி மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். தப்பாகத் திரும்பிய டீயைக் கழற்றுவது பெரும்பாடு.

உள்குழாயை 2.3 மீட்டராக வெட்டி, மேலே கம்பியை 25 செ.மீ. இடைவெளியில் சுற்றுங்கள். கம்பி இல்லாவிட்டால் உள்குழாய் ஒருபக்கமாகச் சாய்ந்து, அந்தப் பக்கம் நீரே ஓடாது. கம்பி முனைகளை ஒரு சொட்டு ராடால் ஒட்டி, புடைப்பை அரத்தால் தேயுங்கள். டீ இருக்கும் இடத்துக்கு 10 செ.மீ. முன்பே கம்பி முடியட்டும்.

உள்குழாயைச் செருகியபின் ரெடியூசர் முனையைக் கடைசியாக பிரேஸ் செய்யுங்கள். டீயின் கிளை திறந்தே இருக்க வேண்டும். மூடியிருந்தால் உள்ளே சூடேறிய காற்று உருகிய ராடைத் துளைத்து வெளியேறும். ஊசித்துளைக் கசிவு வருவது இப்படித்தான். ஏற்கெனவே ஒட்டிய டீமேல் ஈரத்துணி சுற்றுங்கள். காப்பரோடு காப்பருக்கு ஃப்ளக்ஸ் (ஒட்டுமிடத்தைச் சுத்தமாக்கும் பசை) தேவையில்லை. பித்தளை வந்தால் தேவை.

பிறகு டீக்களைச் சிறு 7/8 துண்டுகளாலும், உள்குழாய் முனைகளை எல்போக்களாலும் இணையுங்கள்.

சோதனை

முதலில் உள்குழாயில் மட்டும் நீர் நிரப்பி, காற்றை முழுக்க வெளியேற்றி, 3 பார் அழுத்தத்தில் அரை மணி நேரம் விடுங்கள். வெளிக்குழாய் காலியாகத் திறந்திருக்கட்டும். அதிலிருந்து ஒரு சொட்டு வந்தாலும் உள்ளே கசிவு. அடுத்து வெளிக்குழாய்க்கும் அதே சோதனை. காற்றடித்துச் சோதிக்காதீர்கள். அழுத்தப்பட்ட காற்று இணைப்பு விட்டுப்போனால் வெடிக்கும்; நீர் பீறிடுவதோடு சரி.

குளிர்நீர் கீழிருந்து நுழைந்து மேலே வெளியேறட்டும், காற்று தங்காது. குளிர்நீரை முதலில் திறந்து பிறகு சுடுநீர்; நிறுத்தும்போது நேர்மாறாக. ஓட்டத்தை வாளியும் ஸ்டாப் வாட்சும் வைத்து அளந்து, சுடுநீர் இழந்த வெப்பத்தையும் குளிர்நீர் பெற்றதையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் அநேகமாக உங்கள் தெர்மாமீட்டரிலோ ஓட்ட அளவிலோதான் பிழை.

புதிதில் சுடுநீர் 45க்குப் பதில் 40 டிகிரிக்கு அருகே வெளியேறும். கணக்கு தவறவில்லை, உப்புக்காக விட்ட இடம் இன்னும் காலியாக இருக்கிறது. நாள்பட அது 45ஐத் தொட்டால், லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஒரு மணி நேரம் சுற்றவிட்டு, நல்ல நீரால் அலசிவிடுங்கள்.