குரோமைட்டுக்குள் மின்னும் புள்ளி: பிளாட்டினக் குழுக் கனிமத்தை ராமனில் கண்டுபிடிப்பது எப்படி

மெருகேற்றிய குரோமைட் (குரோமியமும் இரும்பும் கலந்த ஆக்சைடுக் கனிமம்) துண்டை எதிரொளி நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். மங்கிய சாம்பல் தரையில், ஏழெட்டு மைக்ரான் அகலத்தில் பளிச்சென்று ஒரு துகள் கண்ணில் படும். அது என்ன கனிமம்? எலக்ட்ரான் நுண்ணலசியில் போட்டால் எந்தெந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லிவிடும். ஆனால் அதற்கு முறை வருவதற்குள் ஒரு பருவமே ஓடிவிடும். துறையில் ராமன் கருவி இருந்தால் ஒரு மத்தியானத்தில் பாதி விடை கிடைக்கும். லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியிலிருந்து அணுக்களின் அதிர்வைப் படிக்கும் கருவி அது. அதிர்வுகள் வரைபடத்தில் பீக்குகளாக, அதாவது முகடுகளாக எழும். அவற்றின் இடத்தைச் செ.மீ⁻¹ அலகில் சொல்வோம்.

உதாரணத்துக்குத் தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டில் உள்ள யுஜி2 குரோமைட் அடுக்கை எடுத்துக்கொள்வோம். அங்கே குரோமைட் மணிக்குள்ளேயே அடைபட்டிருப்பது பெரும்பாலும் லாரைட், அதாவது ருத்தேனியம் டைசல்ஃபைடு. ருத்தேனியமும் பிளாட்டினக் குழு உலோகம்தான். மணிகளுக்கு இடையில், நிக்கல், செம்புச் சல்ஃபைடுகளை ஒட்டி, கூப்பரைட், பிராகைட் போன்ற பிளாட்டினச் சல்ஃபைடுகளைத் தேடலாம்.

படி 1: துண்டைத் தயார் செய்யுங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காகப் பூசிய கார்பன் படலம் இருந்தால் துடைத்தெடுங்கள். இல்லாவிட்டால் 1350, 1580 பக்கம் இரண்டு அகன்ற மேடுகள் வந்து நிற்கும். என் முதல் துண்டில் 1332-இல் ஊசி மாதிரி ஒரு பீக் வந்தது. புதுக் கனிமம் என்று அரை நாள் மிதந்தேன். அது மெருகேற்றிய பசையிலிருந்து விரிசலுக்குள் தங்கிப்போன வைரத்தூள்!

படி 2: முதலில் கண்ணால் பாருங்கள். லாரைட் நீலச்சாயல் கொண்ட வெண்சாம்பல் நிறம். குறுக்குத் துருவணத்தில் சுழற்றினால் மாறாது. கூப்பரைட் மாறும். துகளின் இடத்தைப் படம் வரைந்து குறித்துவையுங்கள். ராமன் மேடையில் அதே புள்ளியைத் திரும்பக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையிலேயே அலுப்பான பகுதி.

படி 3: அளவுத்திருத்தம். சிலிக்கான் வில்லையில் பீக் 520.7 செ.மீ⁻¹-இல் விழவேண்டும். விழாவிட்டால் மேலே போகாதீர்கள்.

படி 4: அளவிடுங்கள். 532 நானோமீட்டர் பச்சை லேசர், 100 மடங்கு லென்ஸ். லென்ஸின் எண் துளை (ஒளியை எவ்வளவு அகன்ற கோணத்தில் குவிக்கிறது என்பதன் அளவு) 0.9 என்றால் ஒளிப்புள்ளி ஏறத்தாழ 0.7 மைக்ரான், துகளின் நடுவில் தாராளமாக உட்காரும். சக்தியை மட்டும் 1 மில்லிவாட்டுக்குக் கீழே தொடங்குங்கள். அவசரப்பட்டு ஏற்றினால் பக்கத்திலிருக்கும் இரும்புச் சல்ஃபைடு கருகி ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு ஆகிவிடும். ஹெமடைட்டுக்கு 225, 292, 411-இல் பீக்குகள். அந்த 411 எவ்வளவு பெரிய வில்லங்கம் என்பது அடுத்த படியில் புரியும். அளவீட்டை 100 செ.மீ⁻¹-இலிருந்தே தொடங்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தடவை எடுங்கள். ஒன்றில் மட்டும் வரும் மெல்லிய ஊசி, வானிலிருந்து வந்த காஸ்மிக் கதிர்.

படி 5: படியுங்கள். லாரைட்டின் முக்கியமான இரண்டு பீக்குகள் சுமார் 375, 410 பக்கம். இரும்பு டைசல்ஃபைடான பைரைட்டுக்கு 343, 379. இரண்டின் படிக அமைப்பும் ஒன்றே. ஆகவே 37-இல் தொடங்கும் ஒரே ஒரு பீக்கை நம்பாதீர்கள், ஜோடியாகப் பாருங்கள். கூடவே 700-ஐ ஒட்டி அகலமான மேடு எழுந்தால், ஒளி ஓரத்தில் வழிந்து குரோமைட்டையும் தொட்டிருக்கிறது. மேடையை ஒரு மைக்ரான் நகர்த்துங்கள். துண்டைத் திருப்பி வைத்தால் இரண்டு பீக்குகளின் உயர விகிதம் மாறும், அதனால் உயரத்தை வைத்து முடிவு செய்யவேண்டாம். இடம்தான் பேசும்.

இந்த அமைப்பில் ராமன் பார்ப்பது ருத்தேனியத்தை அல்ல, கந்தகத்தை. உலோக அணு சமச்சீர் மையத்தில் அசையாமல் நிற்கிறது. ஆடுவது கந்தக ஜோடிகள். உலோகம் அவற்றை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதே பீக்கின் இடத்தைத் தீர்மானிக்கிறது. ருத்தேனியத்தின் இடத்தில் ஆஸ்மியம் புகுந்தால் பீக் நகர்வது அதனால்தான். பிளாட்டினம் ஆர்செனைடான ஸ்பெரிலைட்டும் இதே குடும்பம். ஆனால் அங்கே ஆடுவது ஆர்செனிக். கந்தகத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் கனம். பீக்குகள் 300-க்குக் கீழே இறங்கிவிடும். 100-இலிருந்து அளக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

படி 6: ஒப்பிடுங்கள். கனிமங்களின் ராமன் வரைபடங்களைத் தரும், அரிசோனா பல்கலைக்கழகத்தின் ரஃப் (RRUFF) தரவுத்தளம் இலவசம். மென்பொருள் தரும் '90 சதவீதப் பொருத்தம்' என்பதை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நீங்களே பாருங்கள்.

ஒன்றுமே வராவிட்டால்? துகள் பால்வெள்ளையாகக் கண்ணைப் பறிக்கிறது, ராமனில் வெறும் தட்டைக் கோடு என்றால், கருவியைத் திட்டாதீர்கள். பிளாட்டினம்-இரும்பு உலோகக் கலவையான ஐசோஃபெரோபிளாட்டினமாக இருக்கலாம். அதில் எல்லா அணுக்களுமே சமச்சீர் மையங்களில் நிற்கின்றன. ராமனுக்குக் கேட்கும்படி ஆட யாருமில்லை. உடனே சிலிக்கானுக்குத் திரும்பி அதே சக்தியில் 520.7 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் குறிப்பேட்டில் 'ராமனில் மௌனம், உலோகக் கலவையாக இருக்கலாம், நுண்ணலசிக்கு அனுப்பவேண்டும்' என்று எழுதுங்கள். லாரைட் கிடைத்திருந்தாலும் 'லாரைட் வகை, ஆஸ்மியம் அளவு தெரியாது' என்றே எழுதுங்கள்.